சம்மதம் கேட்காத காப்பீடு

காப்பீடு எடுக்காதவர் என்று நம்மில் யாருமே இல்லை. பத்திரம் எழுதாமல் எடுத்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அக்காவின் வளையல், தம்பியின் சேமிப்பு, மகள் கல்யாணத்துக்கென்று கட்டிவரும் நகைச்சீட்டு, ஊரில் கிடக்கும் அரை ஏக்கர். ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் இவைதான் நம் பாலிசி. உரியவர்களிடம் சம்மதம் மட்டும் கேட்டதில்லை. "எனக்கெல்லாம் ஒன்றும் வராது" என்பவர் தன் காசை வைத்து ஆடுவதாகத்தான் நினைக்கிறார்.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. மாதம் 21,000க்குள் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. பெரிய கம்பெனிக்காரருக்கு அலுவலகமே எடுத்துத் தருகிறது. நடுவில் விடுபடுகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்: பெட்டிக்கடையிலிருந்து மளிகைக்கடைக்கு வளர்ந்தவர், சொந்த வண்டி ஓட்டுபவர், டியூஷன் எடுப்பவர். அரசின் கணக்கில் ஏழை இல்லை. "அட்வான்ஸ் கட்டிட்டு வாங்க" என்னும் கவுன்ட்டர் முன்னால் பணக்காரரும் இல்லை. அரசு மருத்துவமனை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கைதேர்ந்த டாக்டர்களும் இருக்கிறார்கள். ஆனால் பதறி ஏறிய ஆட்டோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கேதான் போய் நிற்கும்.

சர்க்கரை, பிரஷர் என்று ஏதாவது வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு கணக்கு. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுவரை காத்திருக்கச் சொல்ல விதி இடம் தருகிறது; 2024 வரை அது நான்கு. முதல் 30 நாளில் விபத்தைத் தவிர எதற்கும் பணம் வராது. தேவைப்படும் அன்று வாங்க முடியாத சரக்கு இது.

பாலிசி இருந்தும் அலைக்கழிந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரையை எழுதாமல் விட்டுப் படிவத்தை நிரப்பும் ஏஜென்ட், அறை வாடகை வரம்பைத் தாண்டியது என்று பில்லின் மற்ற செலவுகளிலும் விகிதம் போட்டு வெட்டும் கம்பெனி. கோபம் நியாயமானதே. ஆனாலும் வெட்டியது போக வந்த தொகையில் பலருக்கு நிலம் தப்பியிருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் போய்விட்டது. வருமானம் வரம்புக்குள் என்றால் வருமானச் சான்று, குடும்ப அட்டையோடு கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் பதிந்துகொள்ளுங்கள். வரம்புக்கு மேல் என்றால் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒன்று எடுத்துவிடுங்கள். படிவத்தை நீங்களே நிரப்புங்கள்.