குருத்தணுவும் பொதுப்பணமும்: ஓர் அறவியல் நோக்கு

திருக்குறளில் மருந்து பற்றிய அதிகாரத்தை முடிக்கும் வள்ளுவர், நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுப்பர். மருந்துக்கு விலை கொடுப்பவன் இந்நான்கினுள் இடம்பெறவில்லை. வேலியோரத்து மூலிகையே மருந்தாக விளங்கிய சமுதாயத்தில் அவனைத் தனியாக எண்ணவேண்டிய தேவை எழுந்திராது. இன்றோ மருந்து ஆய்வுகூடத்திலே பிறக்கின்றது. அது பிறப்பதற்குப் பல ஆண்டுகளும் பெரும் பொருளும் வேண்டும். அப்பொருளைக் கொடுப்பவன் யார் என்பதைப் பொறுத்தே அம்மருந்து யாரைச் சென்றடையும் என்பதும் பெரும்பாலும் தீர்மானமாகின்றது. ஆகவே மருத்துவத்தின் ஐந்தாவது கூறாகச் செலவு செய்பவனையும் நாம் எண்ணியே ஆகவேண்டும்.

இவ்வுண்மை தெளிவாகத் தோன்றும் துறைகளுள் ஒன்று குருத்தணு ஆராய்ச்சி. பனையின் உச்சியிலுள்ள குருத்திலிருந்து ஓலைகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிவது போல, நம் உடலிலுள்ள சில கலங்கள் தாமும் பெருகி, வேறு வகைக் கலங்களையும் தோற்றுவிக்கின்றன. இவையே குருத்தணுக்கள். என்பு மச்சையிலுள்ள இத்தகைய கலங்களின் இயல்பை 1961 ஆம் ஆண்டிலே ரொறன்ரோ நகரின் ஆராய்ச்சியாளர்களான ரில், மக்கலொக் ஆகியோர் பரிசோதனை வாயிலாக வெளிப்படுத்தினர். மனித முளையத்திலிருந்து 1998 இல் குருத்தணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டன. யப்பானிய அறிஞர் யமனாக்கா 2006 இல் எலியின் முதிர்ந்த கலங்களையும், அடுத்த ஆண்டில் மனிதனின் முதிர்ந்த கலங்களையும் குருத்தணு நிலைக்கு மீட்டுக் காட்டினார். பழுதுற்ற உறுப்பை உடலே மீண்டும் ஆக்கிக்கொள்ளும் மருத்துவம் என்னும் கனவு இவற்றிலிருந்தே வலுப்பெற்றது.

இக்கனவுக்கு எம்போன்ற வறிய நாடுகள் பொதுப்பணத்தைச் செலவிடுவது அறமாகுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

ஆகாது என்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது இலங்கையின் அரச வைத்தியசாலைகளிலே சாதாரண மருந்துகளுக்கும் தட்டுப்பாடு நிலவியதையும், சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டதையும் நாம் கண்டோம். கிளினிக் நாளில் விடியற்காலையிலே கொப்பியோடு வரிசையில் நிற்கும் முதிய தாய்க்கு வேண்டியது நீரிழிவு மருந்து. என்றோ வரப்போகும் மருத்துவத்தைக் காரணங்காட்டி இன்றைய மருந்தை அவளிடமிருந்து பறித்தல் கொடுமை. பிறவாத நோயாளியின் பொருட்டுப் பிறந்த நோயாளியைக் கைவிடலாகாது. அரசின் பணப்பை ஒன்றே. ஆய்வுக்கு ஈந்த ரூபா வேறொன்றுக்கு ஈயப்படாத ரூபாவே என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் இவ்வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்று பார்த்தால் ஓர் இடர்ப்பாடு தோன்றும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே நோயாளரைப் பார்த்தார். அத்தோடு அமையாது மாணவரைப் பயிற்றினார். இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழாக்குவதற்கும் தமிழிலே மருத்துவம் கற்பிப்பதற்கும் பல்லாண்டு உழைத்தார். வாந்திபேதி ஊர்களைச் சூறையாடிய காலம் அது. மொழிபெயர்ப்பு மேசையிலே அவர் கழித்த ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு நோயாளியின் படுக்கையருகே கழித்திருக்கக்கூடிய மணித்தியாலமே. எனினும் அவர் நேரத்தை வீணாக்கினார் என்று இன்று எவரும் கூறார். நோயாளிக்குச் செய்யும் உதவி அவனோடு முடிகின்றது. அறிவுக்குச் செய்யும் உதவி கைமாறிச் செல்கின்றது. இன்றைய தேவை முழுவதும் தீர்ந்த பின்னரே அறிவைத் தேடுவோம் என்று முன்னோர் காத்திருந்தால், இன்றைய தேவைக்கான மருந்தும் நம்மிடம் இருந்திராது. ஆகவே, இன்றைய நோயாளியைக் கைவிடாமல் எத்துணைப் பங்கை நாளைய அறிவுக்கு ஒதுக்கலாம் என்பதே சரியான வினா.

இத்தகைய ஒதுக்கீடு எதைச் சாதிக்கக்கூடும் என்பதற்கு வேலூர் ஓர் எடுத்துக்காட்டு. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 2005 ஆம் ஆண்டு, இந்திய நடுவண் அரசின் உயிரித்தொழினுட்பத் துறையின் நிதியுதவியோடு குருத்தணு ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. ஈமோபீலியா என்னும் குருதி உறையாநோய் உடையோர்க்குக் குருதியை உறையச் செய்யும் புரதமொன்று பிறவியிலேயே குறைவாக இருக்கும். சிறு அடியும் மூட்டுக்குள்ளே குருதியைப் பெருக்கும். காலப்போக்கில் மூட்டு முடங்கும். விலையுயர்ந்த அப்புரதத்தை வாழ்நாள் முழுவதும் ஊசி மூலம் ஏற்றிவருதலே வழக்கமான சிகிச்சை. வேலூர் ஆராய்ச்சியாளர் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, நோயாளியின் குருதிக் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, குறைபட்ட பரம்பரையலகின் நல்ல வடிவத்தை அவற்றுட் புகுத்தி, மீண்டும் அவரது உடலிலேயே செலுத்தினர். இவ்வாறு சிகிச்சை பெற்ற ஐவரின் நிலைமை 2024 டிசெம்பரில் வெளியிடப்பட்டது. கண்காணிக்கப்பட்ட காலத்திலே ஐவருக்கும் குருதிப்பெருக்கு நிகழவில்லை. ஐவர் என்பது சிறு தொகை. நீண்டகால விளைவுகள் இனித்தான் தெரியவேண்டும். ஆயினும் பெருஞ்செல்வ நாடுகளுக்கே உரியதென எண்ணப்பட்ட மருத்துவமொன்று, பொதுப்பணத்தின் துணையோடு எமக்கு அண்மையிலே உருவாகலாம் என்பது நிறுவப்பட்டுவிட்டது.

இதற்கு மறுபுறமாக இன்னொரு நிகழ்ச்சியை நோக்கலாம். குருநாகல், அநுராதபுரம் மாவட்டங்களிலே பல குடும்பங்களை வாட்டும் தலசீமியா நோய்க்கும், அரிவாட்கல நோய்க்கும் நோயாளியின் குருத்தணுக்களைத் திருத்தி அளிக்கும் சிகிச்சையொன்றை 2023, 2024 ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் அங்கீகரித்தன. அமெரிக்காவில் அதற்கு அறிவிக்கப்பட்ட விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர். அச்சிகிச்சைக்கு அடிப்படையான பல்கலைக்கழக ஆய்வுகள் பல பொதுமக்களின் வரிப்பணத்தாலே நடந்தவை. விதைக்கும்போது பொதுச்சொத்தாக இருந்தது, அறுவடையின்போது தனிச்சொத்தாகிவிட்டது. பொதுப்பணம் வழங்கப்பட்டதனால் மட்டும் பயன் பொதுவாகிவிடாது என்பதை இது உணர்த்துகின்றது. இந்நிலை தொடருமாயின் எமது இலவச வைத்தியசாலை பெயரளவிலேயே இலவசமாக இருக்கும். அங்கே பழைய நோய்களுக்குப் பழைய மருந்து கிடைக்கும். புதிய மருத்துவமோ கண்ணாடிக்கு அப்பாலே காட்சிப்பொருளாக நிற்கும்.

இத்தகைய நிலையை எதிர்கொண்ட முன்னனுபவம் எமக்கு உண்டு. பேராசிரியர் சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு இணைந்து அளித்த அறிக்கையையொட்டி 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. வர்த்தகப் பெயர்களைத் தவிர்த்து, மருந்துகளை அவற்றின் மூலப்பெயரால் மொத்தமாகக் கொள்வனவு செய்தால் ஏழைநாடும் விலைபேச முடியும் என்பதை அக்கொள்கை உலகுக்குக் காட்டியது. பிபிலே வகுத்த வழி விலைபேசும் வலிமையைத் தந்தது. மருந்து நோயாளியின் உடலிலிருந்தே ஆக்கப்படும் இக்காலத்தில் விலைபேசுதல் மட்டும் போதாது; ஆக்கும் அறிவிலும் பொதுமக்களுக்குப் பங்கு வேண்டும்.

முளையம் பற்றிய ஆட்சேபத்தையும் இங்கே கருதுதல் வேண்டும். சில நாட்களே ஆன மனித முளையத்தை அழித்துக் கலங்களைப் பெறுதல் உயிர்க்கொலை எனச் சமயப் பற்றுள்ளோர் பலர் கருதுவர். அவர்களும் வரி செலுத்துவோரே. அவர்களது மனச்சாட்சி வெறுக்கும் செயலுக்கு அவர்களது பணத்தையே செலவிடலாமா என்னும் வினா மதிப்புக்குரியது. அமெரிக்க அரசு 2001 இல் இத்தகைய ஆய்வுக்கான நடுவண் நிதியை வரையறுத்தபோது, ஆய்வு நின்றுவிடவில்லை. தனியார் நிதியை நாடிச் சென்றது. கலிபோர்னிய மக்கள் 2004 இல் வாக்கெடுப்பின் மூலம் 300 கோடி டொலரை அதற்கு ஒதுக்கினர். பொதுப்பணம் விலகும் இடத்திலே பொதுமக்களின் கண்காணிப்பும் தளர்கின்றது என்பது என் கருத்து. மேலும், வேலூரில் நிகழ்ந்தது போன்ற ஆய்வு முதிர்ந்த மனிதரின் குருதியிலிருந்தே தொடங்குவதால் இவ்வாட்சேபத்துக்கு அங்கே இடமில்லை. வறிய நாடு தன் சிறிய பங்கை முதலில் இத்தகைய பிணக்கற்ற ஆய்வுகளுக்கு அளித்தல் அறிவுடைமையாகும்.

இவை அனைத்தினும் எம் மண்ணுக்கு நெருக்கமான காரணம் ஒன்றுண்டு. போரினால் முண்ணாண் பாதிக்கப்பட்டு இடுப்பின்கீழ் உணர்வற்றுப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் வாழ்வோர் வடபகுதியிலே பலர். நரம்பு மீண்டும் வளரும் என்னும் ஒரு சொல், அத்தகைய வீட்டிலே எத்தகைய சலனத்தை ஏற்படுத்தும் என்பதை விளக்கவேண்டியதில்லை. காணியை ஈடுவைத்தேனும் கடல்கடந்து செல்லத் துணிவர். உலகின் பல நகரங்களிலே, பயன் நிறுவப்படாத குருத்தணு ஊசிகளை விற்கும் நிலையங்கள் இந்த ஏக்கத்தையே முதலாகக் கொண்டு இயங்குகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டலிலே, குருதி தொடர்பான குறிப்பிட்ட நோய்களுக்குச் செய்யப்படும் குருத்தணு மாற்றுச் சிகிச்சையைத் தவிர ஏனையவற்றை வழமையான சிகிச்சையாக வழங்கலாகாது என வலியுறுத்தியது. இலாபத்துக்கு ஆய்வு செய்பவன் தன் மருந்து பயன்படவில்லை என்பதை உரத்துக் கூறத் தயங்குவான். அதைக் கூறும் கடமை பொதுப்பணத்தால் இயங்கும் ஆராய்ச்சியாளனுக்கே உரியது. நம்பிக்கை தருவது எவ்வளவு நன்றோ, பொய் நம்பிக்கையிலிருந்து ஓர் ஏழைக் குடும்பத்தின் காணியைக் காப்பதும் அவ்வளவு நன்றேயாம். எதிர்மறை முடிவும் பொதுப்பணத்தின் விளைச்சலே.

ஆகவே பொதுநிதி அறமாவதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்பது என் துணிபு. முதலாவது, அத்தியாவசிய மருந்துக்கான நிதியில் ஒரு சதமேனும் இதற்காகக் குறைக்கப்படலாகாது. இரண்டாவது, பொதுப்பணத்தால் விளைந்த சிகிச்சை அரச வைத்தியசாலையின் பொதுவிடுதியை அடக்கவிலையிலே வந்தடைய வேண்டும் என்பது நிதி வழங்கும் நாளிலேயே எழுத்திலே உறுதிசெய்யப்பட வேண்டும். மூன்றாவது, வெற்றியைப் போலவே தோல்வியும் மக்களறிய வெளியிடப்பட வேண்டும். இந்நூற்றாண்டிலே இலங்கை எல்லாத் துறை ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 வீதத்தையும் எட்டாதது. இந்நிலையிலே மாபெரும் ஆய்வுகூடங்களைக் கனவுகாணல் வீண். இளம் விஞ்ஞானிகளைப் பயிற்றுதல், என்பு மச்சை வழங்குவோரின் பதிவேட்டைப் பேணுதல், அண்டைநாட்டு ஆய்வுகளிலே எமது நோயாளரும் வைத்தியரும் பங்குகொள்ள வழிசெய்தல் என்பன எமது சக்திக்கு உட்பட்டவை.

அமெரிக்காவிலிருந்து வந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820 இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலே தம் பணியைத் தொடங்கிப் பின்னர் தமிழகம் சென்றார். அவருடைய பேர்த்தி ஐடா ஸ்கடரே 1900 இல் வேலூரிலே ஒற்றைப் படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கியவர். அப்படுக்கை வளர்ந்து மருத்துவக் கல்லூரியாயிற்று. அக்கல்லூரியின் வளாகத்திலேயே இன்று குருத்தணு மையம் நிற்கின்றது. மருத்துவ அறிவு ஒருகாலத்தில் பண்டத்தரிப்பிலிருந்து பாக்குநீரிணையைக் கடந்தது. அது மீண்டும் இக்கரைக்கு வரும்போது நாம் அதனை விலைகொடுத்து வாங்க வக்கற்று நிற்கும் வாடிக்கையாளராக இருப்போமா, அதன் ஆக்கத்திலே சிறிதேனும் உழைத்த பங்காளராக இருப்போமா என்பது இன்று நாம் ஒதுக்கும் சிறு தொகையிலே தங்கியுள்ளது.