கத்தியும் மனச்சான்றும்

மகப்பேறு விடுதியின் வாசலில் காத்திருப்போர் கேட்கும் முதற்கேள்வி, ஆணா பெண்ணா என்பது. இரண்டாவது, சுகப்பிரசவமா அறுவையா என்பது. நம் பாட்டிமார் காலத்தில் இந்த இரண்டாம் கேள்வியை எவரும் கேட்டதில்லை. விடை தெரிந்தே இருந்தது. இன்றும் சில ஊர்களில் கேட்க வேண்டியதில்லை. ஆனால் விடை மாறிவிட்டது.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு சில எண்களைத் தருகிறது. இந்தியாவில் நூறு பிரசவங்களில் 21.5 அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தவை. தெலங்கானாவில் 60.7, நம் தமிழ்நாட்டில் 44.9, பீகாரில் 9.7, நாகாலாந்தில் 5.2 மட்டுமே. தெலங்கானாப் பெண்ணின் இடுப்பெலும்பு நாகாலாந்துப் பெண்ணினுடையதைவிடப் பன்னிரண்டு மடங்கு குறுகியதா என்ன? தமிழ்நாட்டிலேயே அரசு மருத்துவமனைகளில் 36 ஆக இருக்கும் அளவு, தனியார் மருத்துவமனைகளில் 63.8 ஆகிறது. ஒரே ஊரில், தெருவைக் கடந்தால் தாயின் உடல் மாறிவிடுவதில்லை.

குறைந்த எண்ணைப் புண்ணியமென்று கொள்வதற்கும் இல்லை. நாகாலாந்தில் பாதிக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைக்கு வெளியே நிகழ்ந்தன என்று அதே ஆய்வு கூறுகிறது. அந்த மலைப்பாதைகளில், கத்தி வந்து சேராமையால் தாய்மார் இறக்கவும் கூடும். உலக நலவாழ்வு நிறுவனம் 1985இல் பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரில் கூட்டிய மாநாடு, எந்த வட்டாரத்திலும் இந்த அளவு 10 முதல் 15 விழுக்காட்டைத் தாண்ட நியாயமில்லை என்றது. 2015இல் அந்நிறுவனம் இன்னும் தெளிவாகப் பேசியது: 10 விழுக்காடு வரை உயர்கையில் தாய்சேய் இறப்பு குறைகிறது, அதற்குமேல் உயர்வதால் குறைவதாகக் காணவில்லை, ஆயினும் ஓர் எண்ணை எட்டுவதல்ல, தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அச்சிகிச்சை கிடைப்பதே முக்கியம்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. நள்ளிரவில் குழந்தையின் இதயத்துடிப்பு தளர்கிறது. காத்திருந்தால் தானாகவே சரியாகலாம், ஆகாமலும் போகலாம். மருத்துவர் கத்தியை எடுக்கிறார். எடுத்தமைக்காக அவரை எவரும் குறை கூறுவதில்லை. காத்திருந்து குழந்தை இறந்திருந்தால் விடுதியின் கண்ணாடிகள் உடைந்திருக்கும். அந்த ஒரு முடிவை நாம் குற்றமென்று சொல்ல முடியுமா? முடியாது. அடுத்ததையும் முடியாது. இப்படி நியாயமான ஆயிரம் முடிவுகளைக் கூட்டினால், எவரும் விரும்பித் தேர்ந்திராத ஒரு தொகை வருகிறது. அதற்கு யார் பொறுப்பு?

ஒரு செயலின் அறத்தை எடைபோட, செயல், நோக்கம், சூழ்நிலை என்னும் மூன்றையும் நோக்க வேண்டும் என்பது திருச்சபையின் பழைய பாடம். இங்குச் செயல் நல்லது, நோக்கமும் நல்லது. சூழ்நிலையோ நாம் அனைவரும் சேர்ந்து கட்டியது. வலியெடுத்தவளின் அருகில் பொறுமையாக அமர்ந்திருக்கப் பயிற்சி பெற்ற மருத்துவச்சி இல்லை. பன்னிரண்டு மணிநேரம் காத்திருப்பதைவிட ஒரு மணிநேர அறுவைக்குக் கட்டணம் மிகுதி. உறவினரோ அஞ்சி அவசரப்படுத்துகிறார்கள். சோதிடரிடம் நாள் குறித்து வாங்கிப் பிள்ளை பெறுகிறவர்களை நாம் எள்ளி நகையாடுகிறோம். மருமகனின் விடுப்புக்கேற்ப நாள் குறிக்கும் நம் வீடுகளை மறந்துவிடுகிறோம்.

(சுகப்பிரசவம் என்ற சொல்லும் நமக்கு உறுத்துகிறது. உயிர் காக்க அறுக்கப்பட்டவளை, அவள் பெற்றது சுகமன்று என்று அது குத்திக்காட்டுகிறது.)

தேவையற்ற அறுவையின் விலை அன்றே தெரிவதில்லை. தழும்புள்ள கருப்பையில் அடுத்த கரு உருவாகும்போது நஞ்சுக்கொடி தழும்போடு ஒட்டிப் பதிந்து, பிரசவத்தின்போது பெருகும் இரத்தத்தை நிறுத்த முடியாமற் போவதுண்டு. ஒவ்வோர் அறுவைக்குப் பின்னும் அந்த ஆபத்து கூடுகிறது. முதற் பிரசவம் அறுவையானால் இரண்டாவதும் பெரும்பாலும் அறுவையே என்பதால், தொகை தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

தனி மருத்துவரைக் குற்றஞ்சாட்டாமலே தொகையைக் கேள்வி கேட்க ஒரு வழி உண்டு. மைக்கேல் ராப்சன் என்னும் மருத்துவர் 2001இல் தாய்மாரைப் பத்துப் பிரிவுகளாக வகுத்தார். முதற்குழந்தை, ஒன்றே கரு, மாதம் நிறைந்தது, தலை கீழ்நோக்கியது, வலி தானாக வந்தது என்பது ஒரு பிரிவு. இரு மருத்துவமனைகளின் இதே பிரிவை ஒப்பிட்டு, ஒன்றில் அறுவை பன்மடங்கானால், அந்த வேறுபாடு தாயிடமிருந்து மட்டும் வந்திருக்க முடியாது. இவ்வகைப்பாட்டையே உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் மருத்துவமனைகள் நம் நாட்டில் பல உள்ளன. அவற்றின் வரவேற்பறையில், புனிதரின் படத்துக்கு அருகில், சென்ற ஆண்டின் இந்தக் கணக்கை எழுதி வைத்தால் என்ன?

அவ்வறையில் இன்னொரு காட்சியையும் நாம் காண்கிறோம். அறுவைக்கு ஒப்புதல் கேட்கும் தாளோடு செவிலியர் வெளியே வருகிறார். கணவர் கையொப்பமிடுகிறார், அவர் இல்லையெனில் தகப்பனார். தாள் ஆங்கிலத்தில் இருப்பதால் எவரும் படிப்பதில்லை. உள்ளே, நல்ல நினைவோடும் வலியோடும் படுத்திருப்பவளிடம் அது போவதேயில்லை.