திகதி கடந்த பொதியும் காலம் கடந்த தருமமும்



அண்மையில் ஒரு தாய் பங்குமனைக்கு ஒரு பையுடன் வந்தார். கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய பிசுக்கோத்தும், பேரப்பிள்ளைக்கு வாங்கிய குழந்தைப் பால்மாவும் அதில் இருந்தன. "சுவாமி, திகதி முடிஞ்சு போச்சு. எறிய மனமில்லை. ஆரும் இல்லாததுகளுக்குக் குடுங்கோ" என்றார்.

"உங்கள் பேரனுக்குக் கொடுப்பீர்களா, அம்மா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

உணவை எறிவது பிழையே. ஆனால் நாம் உண்ணத் துணியாததை வறியவருக்குக் கொடுப்பது தருமமாகுமா? அவரது வயிறும் நமது வயிறு போன்றதல்லவா?

இங்கே நல்மனம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். திகதிகள் இருவகைப்படும். 'இத்திகதிக்கு முன் சிறந்தது' என்பது தரத்தைக் குறிப்பது. அத்திகதி கடந்தால் பிசுக்கோத்தின் மொறுமொறுப்புக் குறையலாம். பொதி பழுதுபடாதிருப்பின் பெரும்பாலும் உண்ணலாம். கனடாவில் பெரும்பாலான பொதிகளில் காணப்படுவது இதுவே. காலாவதித் திகதியோ வேறு. அது கடந்ததை உண்ணலாகாது. குழந்தைப் பால்மாவில் இதற்கு விலக்கே இல்லை. கெடுதி செய்யும் கிருமிகள் எல்லாம் மணத்தாலோ சுவையாலோ தம்மைக் காட்டிக் கொடுப்பதில்லை.

ஆகவே பால்மாவை அகற்றினோம். பிசுக்கோத்தை இருவரும் தேநீருடன் உண்டோம்.

ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2022இல் உலகில் 105 கோடி தொன் உணவு வீணாயிற்று. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. அதே 2022இல்தான் எமது நாட்டில் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் கண்ட குடாநாட்டவர் நாம். மோர்மிளகாய், கருவாடு, புழுக்கொடியல் என்று உணவைக் காத்து வைத்த எம் முன்னோருக்குக் குளிர்சாதனப் பெட்டி இருக்கவில்லை. இன்று அப்பெட்டியின் பின்வரிசையிலேயே உணவு மறந்து போகிறது.

ஐந்து அப்பங்களை ஆண்டவர் பலுகச் செய்தபின், எஞ்சியவை 12 கூடைகளில் சேர்க்கப்பட்டன. எப்போது? மக்கள் உண்டு முடித்த அப்போதே. கெட்ட பின்பு அல்ல.

அத்தாயின் பை மூன்று மாதங்களுக்கு முன் வந்திருந்தால் அதிலிருந்த பால்மா ஒரு குழந்தையின் பசியைத் தீர்த்திருக்கும். குறை அவரது மனத்தில் இல்லை, காலத்தில் இருந்தது. எனவே தேவைக்கு மேல் வாங்காதிருப்போம். முன்னர் வாங்கியதை முன்னர் பாவிப்போம். மிஞ்சுமெனத் தெரிந்தால், நல்லதாய் இருக்கும்போதே அயலவருக்குக் கொடுப்போம்.

இன்று மாலையே உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். அங்கே யாருடைய பங்கு காத்திருக்கிறது?