மை போட்டுப் பார்ப்பவர்கள்

களவு போனால் வெற்றிலையில் மை தடவித் திருடனைத் தேடினர் நம் முன்னோர். அந்த மையில் தெரிந்ததோ, ஊரார் ஏற்கெனவே ஐயுற்ற ஏழையின் முகம்! அதைக் கேட்டு நகைக்கும் நாம், நாடித் துடிப்பையும் வியர்வையையும் அளந்து பொய்யைக் காட்டுவதாகக் கூறப்படும் கருவியின் முன் மட்டும் கைகட்டி நிற்பதேன்? காவல் நிலையத்தில் குற்றமற்றவன் நெஞ்சுந்தானே துடிக்கும்! இசைவின்றி அச்சோதனையை எவர்மீதும் நடத்தலாகாதென்று 2010-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்றோ வந்திருக்க வேண்டிய தீர்ப்பு.

அப்படியாயின் துப்புத் துலக்க உளநூல் உதவாதா? உதவும், கேள்வி கேட்பவரைத் திருத்துவதில் பெரிதும் உதவும். 1974-இல் அமெரிக்க உளநூலார் எலிசபெத் லாஃப்டசும் ஜான் பாமரும் மாணவர்க்குக் கார் விபத்துப் படமொன்றைக் காட்டினர். கார்கள் 'இடித்துக்கொண்டபோது' வேகமென்ன என்று சிலரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்று வேறு சிலரிடமும் வினவினர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்றதற்கு, முன்னவருள் 50-க்கு 7 பேரும் பின்னவருள் 50-க்கு 16 பேரும் 'கண்டோம்' என்றனர். படத்திலோ கண்ணாடிச் சில்லே இல்லை! அவர்கள் பொய்யரல்லர், வினாவே சில்லைத் தூவிவிட்டது.

'இவன்தானே ஓடியவன்?' என்று கேட்கும் அதிகாரி, சாட்சியின் நினைவிலேயே மை தடவுகிறார். நடந்ததைச் சொல்லவிட்டுக் குறுக்கிடாது கேட்கும் முறையை 1980-களிலேயே உளநூலார் வகுத்தளித்துவிட்டனர். நம் காவல் நிலையங்கள் எத்தனையில் அது கைக்கொள்ளப்படுகிறது?