இசைவித்து ஊட்டுவதா, வலிந்து ஊட்டுவதா?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு அன்னப்ராசனம் செய்து, எம்பெருமான் ப்ரஸாதத்தில் ஒரு துளியை அதன் நாவில் இடுகிறோம். அதன் பின் வரும் நாள்களில் பல இல்லங்களில் ஒரு போராட்டம் தொடங்கிவிடுகிறது. பாலை விரும்பிக் குடிக்கும் குழந்தை, குழைத்த பருப்புச் சாதத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்புகிறது. உதட்டை இறுக மூடுகிறது. ஊட்டியதை நாவால் வெளியே தள்ளுகிறது. அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் கிராம வீடானாலும், கடல் கடந்து வாழும் அடியார்களின் திருமாளிகையானாலும் இக்காட்சியில் வேறுபாடில்லை. "பிள்ளை இளைத்துப் போயிற்றே" என்று உறவினர் சொல்லும் ஒரு சொல் தாயின் நெஞ்சில் தைக்கிறது. அடுத்த வேளை ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் வாயில் திணிக்க, குழந்தை அழுதுகொண்டே விழுங்குகிறது.

இது சிறிய குடும்பச் செய்தி போலத் தோன்றினும் இதனுள் பெரியதொரு கேள்வி இருக்கிறது. ஒருவர்க்கு நன்மையே ஆனாலும், அவர் விலக்கும்போது அதை வலிந்து அளிக்கும் உரிமை அன்புக்கு உண்டா? நம் ஸம்ப்ரதாயம் இக்கேள்வியை எம்பெருமானுக்கும் சேதநனுக்கும் இடையே வைத்து நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறது. அந்த ஆராய்ச்சி நம் வீட்டுத் திண்ணைக்கும் உதவும் என்பதே நாம் சொல்ல வந்தது.

முதலில் யசோதைப் பிராட்டியைக் காண்போம். பெரியாழ்வார் தம் திருமொழியின் இரண்டாம் பத்தில், முலையுண்ண அழைக்கும் பதிகம் ஒன்றை அருளிச்செய்துள்ளார். முன்னிரவு உண்ணாமல் உறங்கிவிட்ட பிள்ளை, மறுநாள் உச்சிப்பொழுதாகியும் பால் உண்ண வரவில்லை. தாய்க்குப் பால் சுரந்து பெருகுகிறது. பிள்ளையின் வயிறோ ஒட்டிக் கிடக்கிறது. இந்நிலையில் அவள் செய்வது யாது? அழைக்கிறாள். அவன் செய்த வீரச் செயல்களைச் சொல்லிப் புகழ்ந்து அழைக்கிறாள். ஒரு பாசுரத்தில் வராவிட்டால் மறு பாசுரத்தில் அழைக்கிறாள். பதிகம் முழுவதும் அழைப்பாகவே இருக்கிறது. வெண்ணெய் களவு கண்டபோது அவனை உரலோடு கட்டிய தாய் அவள். கட்டத் தெரியாதவள் அல்லள். ஆயினும் பால் ஊட்டுவதற்குக் கயிற்றை எடுத்தாள் என்று ஆழ்வார் பாடவில்லை.

அதே திருமொழியின் முதற்பதிகத்தில் வேறொரு நிகழ்ச்சி உண்டு. குழந்தையை நீராட்டி, நா வழிப்பதற்காக வாயைத் திறக்கச் செய்தபோது, அவ்வாயினுள்ளே ஏழுலகங்களையும் அவள் கண்டாள். அது பரத்வம் வெளிப்பட்ட இடம் என்பது தெளிவு. நம்மைப் போன்றோர்க்கு அதில் மற்றொரு பாடமும் உண்டு. குழந்தையின் வாய், நம் கிண்ணத்தில் உள்ளதைக் கொட்டி நிரப்பும் பாத்திரம் அன்று. நாம் அறியாத ஓர் உலகம் அதற்குள் இருக்கிறது. சரீரத்தால் எத்துணைச் சிறியதாயினும் அதுவும் ஞானத்தை உடைய ஆத்மா. எம்பெருமானுக்குச் சேஷமான பொருள். நாம் அதற்குக் காவலரே ஒழிய, உடையவர் அல்லோம்.

இனி, தத்துவத்திற்கு வருவோம். எம்பெருமான் ஸர்வசக்தன், நினைத்த மாத்திரத்தில் அனைவரையும் திருநாட்டில் ஏற்றிவிட வல்லவன். ஆயினும் அநாதிகாலமாக நாம் ஸம்ஸாரத்தில் கிடப்பது எதனால் என்னில், நாம் விலக்குகிறோம் என்பதே விடை. நம் பூர்வாசார்யர்கள் 'விலக்காமை' என்னும் சொல்லை இங்கே வைத்தார்கள். அது நாம் அவனுக்குக் கொடுக்கும் விலை அன்று. அவன் தரும்போது தடுக்காமல் இருப்பது மட்டுமே.

அப்படியானால் நாம் விலக்கும் காலமெல்லாம் அவன் வாளா இருக்கிறானோ என்னில், அதுவும் இல்லை. கொள்ளிடத்துக்கு அக்கரையில் திருக்குடந்தையில் கண்வளர்ந்தருளும் ஆராவமுதனைப் பாடிய திருவாய்மொழிப் பதிகத்தில், எம்பெருமான் தம்மை முதலில் இசையச் செய்து, அதன் பின்னரே தன் திருவடிக்கீழ் இருத்தினான் என்று நம்மாழ்வார் காட்டுகிறார். உண்ண உண்ணத் தெவிட்டாத அமுதம் என்று பெயர் பெற்றவனே, அவ்வமுதத்தைப் புகட்டுவதற்கு முன் இசைவை உண்டாக்கக் காத்திருக்கிறான். இசைவித்தல் வேறு, வலிந்து திணித்தல் வேறு. முன்னதில் உழைப்பு முழுவதும் கொடுப்பவனுடையது. பின்னதில் துன்பம் முழுவதும் கொள்பவனுடையது.

இக்காலத்தில் மூன்றாவது வழி ஒன்று வந்திருக்கிறது. கைப்பேசியில் ஓடும் படத்தைக் குழந்தையின் முன் வைத்துவிட்டால் வாய் தானே திறக்கிறது, கிண்ணமும் காலியாகிறது. குழந்தை விலக்கவில்லையே, இதுவும் விலக்காமைதானே எனலாமோ? ஆகாது. அசித்தும் எதையும் விலக்குவதில்லை. கல்லின்மேல் எதை வைத்தாலும் அது பேசாமல் கிடக்கும். சேதநனுடைய விலக்காமை அறிவோடு கூடியது. என்ன உண்கிறோம், வயிறு நிறைந்ததா என்பதை அறியாமல் திறக்கும் வாய் இசைந்த வாய் ஆகாது. பெரியாழ்வாரும் அம்புலியை அழைத்தாரே எனில், அது பிள்ளையோடு விளையாட வருமாறு அழைத்தது. குடித்த பால் செரிக்க வேண்டுமே, பிள்ளை உறங்க வேண்டுமே என்ற கவலையும் அத்தாய்க்கு அங்கே இருக்கிறது. அவள் கண் பிள்ளையின் மேல் இருந்தது. கிண்ணத்தின் மேல் இல்லை.

உலகியல் ஆராய்ச்சியும் இதற்கு மாறுபடவில்லை. க்ளாரா டேவிஸ் என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர், பால் மறக்கும் பருவத்துக் குழந்தைகள் தாமே தேர்ந்து உண்பது குறித்த தம் ஆய்வை 1928-இல் வெளியிட்டார். பலவகை உணவுகளைக் குழந்தையின் முன் வைத்தார்கள். அது கை நீட்டிக் காட்டினாலன்றிச் செவிலியர் ஊட்டக் கூடாது. உண்ணும்படி தூண்டவும் கூடாது. குழந்தைகள் ஒரு வேளை ஒன்றை மிகுதியாகவும் மறுவேளை வேறொன்றை மிகுதியாகவும் உண்டன. ஆயினும் நன்றாகவே வளர்ந்தன. ஆனால் முன்னே வைக்கப்பட்டவை எல்லாம் தூய, எளிய உணவுகள் என்பதையும் மறக்கலாகாது. எதை வைப்பது, எப்பொழுது வைப்பது என்பது பெரியோர் பொறுப்பு; எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் பொறுப்பு. புதிய சுவை ஒன்றை ஏற்பதற்குக் குழந்தைக்கு 8 முதல் 10 முறை வரையும், சில வேளை அதற்கு மேலும் அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் இன்றைய மருத்துவர்கள் கூறுகிறார்கள். இரண்டாம் நாளே நாம் சலித்துப்போவது நம் குறையேயன்றிக் குழந்தையின் குறை அன்று.

அரியலூருக்கு அருகிலுள்ள கல்லங்குறிச்சியில் கலியுக வரதராஜப் பெருமாள் கோயில் உள்ளது. அங்கே கல் கம்பமே மூலஸ்தானத்தில் ஆராதிக்கப்படுகிறது. சினைப்பசு ஒன்று காணாமற்போக, உடையவர் தேடி அலைந்து மூன்றாம் நாள் அதைக் கன்றோடு கண்டார். அங்கே கிடந்த கம்பத்தின்மேல் அப்பசு பால் சொரிந்திருந்தது என்பது தலவரலாறு. இதை நினைக்கும்போதெல்லாம் வாத்ஸல்யம் என்னும் குணம் நம் நினைவுக்கு வரும். வத்ஸம் என்பது கன்று. அன்று ஈன்ற கன்றின் உடலழுக்கைத் தாய்ப்பசு இனிதாகக் கொண்டு நக்குவதைப் போல, அடியாரின் குற்றத்தையும் எம்பெருமான் இனிதாகக் கொள்வதே வாத்ஸல்யம் என்பர் பெரியோர். ஊட்டும்போது பசு என்ன செய்கிறது என்பதையும் பார்க்கலாம். அது நிற்கிறது, கன்று தட்டுத்தடுமாறி, முட்டி முட்டி மடியைக் கண்டுகொள்கிறது. பசு அகலாமல் நிற்பதுதான் அங்கே ஊட்டுதல்.

இவ்விடத்தில் ஓர் ஆக்ஷேபம் எழலாம். நம்மாழ்வார் பிறந்தபோது பால் உண்ணவில்லை, அழவுமில்லை. பதினாறு ஆண்டுகள் திருப்புளியின் கீழ் எழுந்தருளியிருந்தார். ஆகவே உண்ணாத குழந்தையை அப்படியே விட்டுவிடலாமோ? கூடாது. ஆழ்வாருக்குப் பகவத்குணமே தாரக போஷக போக்யம். நம் குழந்தைக்கு அன்னமே தாரகம். எடை குறைந்தாலும், சோர்ந்து கிடந்தாலும், விழுங்கத் திணறினாலும், பாலையும் சேர்த்து மறுத்தாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். உடையநங்கையாரும் காரியாரும்கூடப் பிள்ளையைக் கைவிடவில்லை. பொலிந்துநின்ற பிரான் ஸந்நிதியில் சேர்த்தார்கள். தம்மால் இயலாததை இயன்றவரிடம் ஒப்படைப்பது அலட்சியம் அன்று.

திருமழிசைப்பிரான் சரிதமும் இதையே சொல்லும். வளர்ப்புத் தாயான பங்கயச்செல்வியார் பாலூட்ட முயன்றும் அக்குழந்தை உண்ணவில்லை. முதிய தம்பதி ஒருவர் அன்போடு கொணர்ந்த பாலை உண்டது. வளர்த்தவர்கள் அதைத் தடுக்கவில்லை. அத்தம்பதிக்கே பின்னர்க் கணிகண்ணன் பிறந்தார். நம் இல்லங்களிலோ, தாயிடம் உண்ணாத குழந்தை பாட்டியிடம் உண்டால், வீட்டில் மறுத்தது அங்கன்வாடியில் மற்றக் குழந்தைகளோடு அமர்ந்து உண்டால், அதைத் தாயின் தோல்வியாகப் பேசுகிறோம். குழந்தையின் பசி தீர்ந்ததே என்று மகிழாமல், யார் கையால் தீர்ந்தது என்று கேட்பது அஹங்காரமேயாகும்.

இறுதியாக, பிள்ளை லோகாசார்யர் அர்த்த பஞ்சகத்தில் காட்டும் த்ருஷ்டாந்தம் ஒன்று. ஆசார்யாபிமானத்தை விளக்குமிடத்தில் அவர் ஒரு தாயைக் காட்டுகிறார். பால்குடிக் குழந்தைக்கு நோய் வந்தால், அதைத் தன் குறையாக எண்ணித் தானே மருந்துண்ணும் தாய் அவள். கசப்பை அவள் ஏற்கிறாள். குழந்தைக்குப் பாலாகவே அது சென்று சேர்கிறது. உபதேசம் கொள்ளாத சிஷ்யனிடம் ஆசார்யன் இருக்கும் நிலை இது.

உணவு கொள்ளாத குழந்தையிடம் நாம் இருக்க வேண்டிய நிலையும் இதுவே. அச்சம் நம்முடையது, அவசரம் நம்முடையது, ஊரார் சொல்லுக்கு நாணுவதும் நம்முடையது. அக்கசப்பை நாம் உண்டு செரித்துக்கொள்வோம். வீட்டார் உண்ணும்போது குழந்தையையும் உடன் அமர்த்தி, ப்ரஸாதத்தில் சிறிது அதன் கைக்கெட்டும்படி வைத்து, இன்று மறுத்தால் நாளையும் முகமலர்ச்சியோடு வைப்போம். ஒவ்வொரு பிறவியிலும் நாம் முகம் திருப்பியும், சலியாமல் மீண்டும் அழைக்கும் ஒருவனுடைய அடியார்கள் நாம். அவனிடம் பெற்ற பொறுமையில் ஒரு துளியை நம் குழந்தைகளுக்குக் காட்டுவது கடினமோ?

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.