தட்டை நீட்டிய நாள்

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கட்டடம் இல்லை. காலையில் வாய்ப்பாடு, மதியம் சத்துணவு, இரண்டும் வேப்பமரத்தடியில்தான். அலுமினியத் தட்டோடு வரிசையாக உட்கார்ந்தால் ஆயா சோறும் சாம்பாரும் ஊற்றிக்கொண்டே வருவார். 'அவ கையால வாங்கித் திங்காதே' என்று அம்மா சொல்லி அனுப்புவார். காரணம் சாதி. நான் தூக்குவாளியைத் திறந்து தனியே உட்கார்ந்து பழைய சோறு தின்பேன்.

தூக்குவாளியை மறந்துபோன ஒருநாள், பசி பொறுக்காமல் யாரிடமோ தட்டை இரவல் வாங்கி நீட்டினேன். ஆயா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கரண்டி கூடவே போட்டார்.

1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவையும், 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவையும் நன்றியோடு பேசுகிறோம். விறகுப் புகையில் உலை வைத்த பெண்களைப் பேசுவதில்லை.

அந்தச் சோறு என் உரிமை. அதற்காக நான் யாருக்கும் கடன்பட்டவள் அல்ல. ஆனால், அதைச் சமைத்த கையை அத்தனை நாள் அவமதித்தேனே, அது கடன். அம்மாமேல் பழிபோட்டுத் தப்ப முடியாது; எட்டு வயதிலேயே எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. இதற்கு நன்றி போதாது, மன்னிப்புத்தான் கேட்க வேண்டும். கேட்கலாமென்றால், அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆயா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம்.