புள்ளியும் நிறுவையும்

ஆசிரியர் கலாசாலையில் நான் பயின்ற காலத்தில், ஒப்படைக்குப் புள்ளியிடும் நியதிகளை முன்கூட்டியே தந்துவிடுவார்கள். உள்ளடக்கம், ஒழுங்கமைப்பு, மொழி, சமர்ப்பிப்பு என்று ஒரு பக்கம். 'மிக நன்று' முதல் 'திருந்த வேண்டும்' வரை நான்கு படிகள் மறுபக்கம். எனக்கு அது பெரும் ஆறுதல். எந்த ஊர், யாருடைய மகன் என்று விசாரித்த பிறகே சிவப்புப் பேனை ஓடும் என்ற சந்தேகத்தோடு வளர்ந்தவன் நான்.

ஆள் பார்க்காமல் திருத்தினாலும் நியதியில்லாத புள்ளி தடுமாறத்தான் செய்யும். 1961இல் அமெரிக்காவில் போல் டீட்ரிக் என்பவரும் சகாக்களும் கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். நியதி எதுவும் கொடுக்கவில்லை. 101 கட்டுரைகள் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாத் தரங்களையும் பெற்றன! ஒருவர் கருத்தைப் பார்த்திருக்கிறார். இன்னொருவர் எழுத்துப் பிழையை. ஒரே தராசில் எல்லோரையும் நிறுப்பதுதான் நீதி என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் அந்தத் தராசில் நான் எதை வைத்தேன்?

'என் மாணவன் ஒருவன்' என்பது ஒப்படையின் தலைப்பு. என் நண்பர் ஒரு மீனவப் பிள்ளையைப் பற்றி எழுதினார். மீன் வாடை என்று மற்றப் பிள்ளைகள் விலகியிருந்த அவனைத் தன் மேசையருகே இருத்தி எழுத்துப் பழக்கிய கதை. இரண்டரைப் பக்கம், உபதலைப்பில்லை, முடிவுரையில்லை, கையெழுத்தோ கோழி கிளறியதுபோல. விரிவுரையாளர் இரு தடவை வாசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, இதுக்கு எந்த நியதியில புள்ளி போடுற?" என்று கேட்டார். கடைசியில் குறைந்த புள்ளிதான் விழுந்தது. அவரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் நியதிக்கு விசுவாசமாக இருந்தார்.

எனக்கு எல்லா நியதியிலும் 'மிக நன்று'. நான் எழுதிய மாணவன் இந்த உலகில் பிறக்கவேயில்லை. நியதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி அவனைச் செய்தேன்.

அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அளவையில் மோசம் செய்வோரின் பெயரால் அமைந்தது. வாங்கும்போது நிறைத்து வாங்குபவர்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்கள். அதை ஓதும்போது நம்மவர் கடைக்காரரை நினைப்பார்கள். எனக்கு அந்த ஒப்படைதான் ஞாபகம் வரும்.

இப்போது நானும் நியதி வைத்துத்தான் புள்ளியிடுகிறேன். அதற்குமுன் எழுதிய பிள்ளையை அழைத்து, "இது எங்க நடந்த, நீ பார்த்தியா?" என்று கேட்கிறேன். அந்தப் பதிலுக்கு எத்தனை புள்ளி என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.